துவக்குக்குக் காவல்

இங்கிலாந்தில் ஒரு கைத்துப்பாக்கி வாங்க விரும்புகிறவன் முதலில் பழக வேண்டியது, அது எதற்கு என்று வாயைத் திறக்காமல் இருப்பதுதான். நான் சொல்வது பழைய கதை. இப்போது வாங்கவே முடியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாங்கலாம். குறிபார்த்துக் கடதாசியைச் சுடுவதில் உங்களுக்குத் தீராத ஆசை இருக்கிறதென்று பொலிசை நம்பவைத்தால் போதும். உயிருக்குப் பயமாக இருக்கிறது, வீட்டில் ஒன்று இருந்தால் நல்லது என்று சொன்னீர்களோ, அதோடு சரி. பயந்தவன் கையில் துவக்கைக் கொடுக்கக்கூடாது என்பது இந்த நாட்டின் கொள்கை. நியாயமான கொள்கை என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன். அன்றைக்கு அப்படி நினைக்க எனக்கு வசதிப்படவில்லை.

லூயிஷாமில் எங்களுக்கு ஒரு கடை இருந்தது. பேப்பர், பால், சிகரெட், பின்பக்கத்து ராக்கையில் கத்தரிக்காயும் கறித்தூளும். மேலே வீடு. கடையில் ஆட்கள் இரண்டே பேர், நானும் மனைவியும். நான் கணக்கியல் படிக்க வந்து, படிப்பு என்னை விட்டு விலகிப்போனதால் கடைக்காரன் ஆனவன். அவள் அப்படியில்லை, விரும்பிக் கடைக்காரி ஆனவள். எந்தக் கிழவிக்கு எந்தப் பூனை உணவு, எந்தக் கிழவனுக்கு எந்தக் குதிரைப் பந்தயப் பேப்பர் என்று எல்லாம் அவளுக்கு மனப்பாடம். நான் சில்லறை கொடுத்தால் வாடிக்கையாளர்கள் இரண்டாம் முறை எண்ணிப் பார்ப்பார்கள். அவள் கொடுத்தால் அப்படியே பையில் போடுவார்கள்.

ஒரு மாரிகாலத்துப் பின்னேரம் ஒருவன் ரொட்டி வெட்டும் கத்தியோடு வந்து காசு லாச்சியைத் திறக்கச் சொன்னான். அவள் திறந்தாள். அவன் உள்ளதை அள்ளிக்கொண்டு, போகிற போக்கில் ஒரு சொக்கிலேட்டையும் எடுத்துக்கொண்டு போனான். நான் அப்போது மேலே தேத்தண்ணி குடித்துக்கொண்டு ரோமானியப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அவள் கடைக்கு இறங்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மாடிப்படியின் மேல்தட்டில் உட்கார்ந்து, கதவு மணி அடிக்கும்போதெல்லாம் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். விடியப் பேப்பர் கட்டு வந்ததிலிருந்து இரவு கதவைப் பூட்டும்வரை நானே நின்றேன். இரண்டு கிழமையில் பூனை உணவுக் கிழவிகள் பாதிப்பேர் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள்.

“இப்பிடியே எத்தினை நாளைக்கு?” என்று கேட்டேன்.

“எனக்கு நிக்க ஏலாதப்பா. நீங்கள் ஏதாவது செய்யுங்கோ. இல்லாட்டிக் கடையைக் குடுப்பம்.”

கடையைக் கொடுத்தால் நான் எதற்கு உதவுவேன் என்பது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆகவே ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. நான் எதையும் புத்தகம் பார்த்துச் செய்கிறவன். நூல்நிலையத்துக்குப் போய், கடைக்காரர் பாதுகாப்பு என்று தேடத் தொடங்கி, எப்படியோ வழி தவறி, துப்பாக்கிகள் என்ற ராக்கையில் போய் நின்றேன். அங்கேயே நின்றுவிட்டேன்.

வெம்பிளியில் இருந்த நண்பனிடம் மட்டும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, அதுதான் மோசம்.

“மச்சான், ஊரில துவக்கைக் கண்டுதானே ஓடி வந்தனாங்கள்? இஞ்ச வந்து காசு குடுத்து வாங்கப் போறியோ?”

“அது வேற, இது வேற.”

“ஓம், வேறதான். அங்க சும்மா காட்டினவங்கள். உன்னட்டை ஆர் வந்து கேட்டாலும், நீ எந்த இயக்கம் எண்டு கேக்கப் போறாங்கள். யோசிச்சுச் செய்.”

யோசித்தேன். யோசித்தபடியே ஒரு சுடுகழகத்தில் சேர்ந்தேன். அது ஒரு தேவாலய மண்டபத்தின் நிலவறையில் இருந்தது. அதன் செயலாளர் ஓய்வுபெற்ற பல்வைத்தியர். முதல்நாளே என்னை ஓரமாக அழைத்துப்போய், பல் பிடுங்கப் போகிறவரின் கனிவோடு சொன்னார்: இந்தக் கட்டடத்துக்குள் ஒரு சொல்லை மட்டும் நீங்கள் உச்சரிக்கக் கூடாது, ‘பாதுகாப்பு’ என்பது அந்தச் சொல், மற்றபடி தேநீர் அங்கே, பிஸ்கட் இங்கே. நான் தலையாட்டினேன். ஏன் இந்த விளையாட்டு என்று யார் கேட்டாலும், கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்வதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஈடுபாடு என்று சொல்லப் பழகினேன். சின்ன வயதில் நான் வெடிச்சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் கிடந்தவன்.

அரை வருடம் கழகத்தின் துவக்குகளில் பழகவேண்டும். நல்ல மனிதர்கள். சுட்டதைவிடத் தேநீர் குடித்தது அதிகம், இலக்கைப் பற்றிப் பேசியதைவிடக் கொழுப்புச்சத்தைப் பற்றிப் பேசியது அதிகம். என் திறமை சீக்கிரமே தெரியவந்தது. என் கடதாசி புதுக் கருக்கோடு இருக்க, பக்கத்தில் நின்ற பஸ் சாரதியின் கடதாசியில் அவர் சுட்டதைவிட ஒரு துளை கூடுதலாக விழுந்திருக்கும். அவர் அதையும் சேர்த்து எண்ணிக்கொள்வார்.

பிறகு பொலிசிலிருந்து ஒரு அதிகாரி வீடு பார்க்க வந்தார். நான் எந்த ஊர், எப்போது வந்தேன், ஊரில் யார் யாரைத் தெரியும் என்று நண்பன் சொன்ன கேள்விகளையே கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார். எனக்கு ஊரில் தெரிந்தவர்களெல்லாம் வாத்தியார்கள் என்று சொன்னேன். அது அவருக்குத் திருப்தியாக இருந்தது. அடுத்து, இரும்புப் பெட்டி சுவரில் ஆணியிறுக்கிப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். குண்டுகளுக்கு வேறு பெட்டி, வேறு பூட்டு. எல்லாம் சரி.

“பெட்டிப் பூட்டின் திறப்பை எங்கே வைப்பீர்கள் என்று உங்கள் மனைவிக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன், நல்ல கணவனின் பெருமையோடு.

“தெரியாது” என்று அவர் திருத்தினார். “உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.”

அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கத் தொடங்கியது. கடையில் தனியாக நிற்கப்போகிறவள் அவள். அவளுடைய பயத்துக்காகத்தான் இவ்வளவும். ஆனால் அவள் அதைத் தொடக்கூடாது, பெட்டியைத் திறக்கக்கூடாது, திறப்பு இருக்கும் இடத்தை அறியக்கூடாது. நான் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அரை வருடத் தேநீர் குடித்தவனுக்கு ஒரு பிடிவாதம் வந்துவிடுகிறது.

துவக்குக் கடைக்காரர் ஒரு நல்ல தையல்காரரைப் போல என் கையை அளந்து பார்த்தார். எனக்கு ஏற்றது சின்ன வாய்க் குழல் உள்ள போட்டிப் பிஸ்டல் என்றார். உதையாது, சத்தம் குறைவு, தோட்டாவும் மலிவு. மரப்பிடி விரல்களின் வடிவத்துக்குச் செதுக்கப்பட்டு, அது ஏதோ வைத்தியசாலைக் கருவிபோல இருந்தது. அதைக் கண்டு ஒரு திருடனும் பயப்படமாட்டான். இரத்த அழுத்தம் பார்க்கப் போகிறேன் என்று நினைத்துக் கையை நீட்டுவான். பக்கத்தில் ஒரு ரிவோல்வர் கிடந்தது. கறுப்பு. கனம். படங்களில் வருவதுபோலவே இருந்தது. குறிபார்க்க அது கடினம், உங்களைப் போல ஆரம்பநிலையில் உள்ளவருக்கு ஏற்றதல்ல என்று அவர் நயமாகச் சொன்னார். நான் ரிவோல்வரைத் தெரிவு செய்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவிக்குக் காட்டினேன். அவள் எட்ட நின்று பார்த்தாள்.

“இது இருந்தா வரமாட்டாங்களோ?”

“இது இருக்கெண்டு ஆருக்கும் சொல்லக்கூடாது.”

“அப்ப அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

இதற்கு நூல்நிலையத்தில் பதில் இருக்கவில்லை. ஆனாலும் அவள் அடுத்த நாள் கடைக்கு இறங்கினாள். பெட்டிக்குள் இருந்தது அவளுக்குத் தைரியம் தந்ததா, நான் பட்ட பாட்டைப் பார்த்து இரங்கினாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டு, அவள் திரும்பவும் படியில் போய் உட்கார்ந்தால் என்ன செய்வது?

திறப்பை ஒளிப்பது பெரிய பாடாகிவிட்டது. தன் கைபடாத ஒரு மூலையும் இல்லாத வீட்டில் ஒரு பெண்ணிடமிருந்து ஒரு பொருளை ஒளித்துப் பாருங்கள். முதலில் அரிசி வாளிக்குள் வைத்தேன். பின்னேரம் தேத்தண்ணியோடு தட்டில் வந்தது. “இது உங்கட அந்தத் திறப்புத்தானே? சோத்துக்குள்ள போயிருக்கும்.” பிறகு புத்தகங்களுக்குப் பின்னால் வைத்தேன், தூசு தட்டும்போது வந்தது. கடைசியில் ஒரு கறுப்பு நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டேன். சிவன் கோவிலில் சேட்டைக் கழற்றிவிட்டுத்தானே ஆம்பிளைகள் நிற்கவேண்டும். நெஞ்சில் உருத்திராட்சம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு இரும்புத் திறப்பு. விபூதி கொடுக்க வந்த ஐயர் அதையே பார்த்தார்.

“நேர்த்திக்கடனோ?” என்றார்.

“ஓம் ஐயா.”

“எது திறக்க?”

“இன்னும் திறக்கேல்லை” என்று சொல்லித் தப்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமை எனக்காக ஒரு அருச்சனை கூடுதலாகச் செய்தார்.

இதெல்லாம் சின்ன விசயங்கள். பெரிய விசயம் ஞாயிற்றுக்கிழமை. அனுமதி நிலைக்க வேண்டுமென்றால் ஒழுங்காகக் கழகத்துக்குப் போய்ச் சுடவேண்டும்; போகாதவனுக்கு ஏன் துவக்கு என்று கேட்பார்கள். கழகம் கூடுவது ஞாயிற்றுக்கிழமை. கடையில் கூட்டம் குறைந்து, தெரு வெறிச்சோடி, அவள் மிகவும் பயப்படுகிற நாளும் அதுதான். எனவே ஒவ்வொரு ஞாயிறும் நான் அவளைப் பாதுகாக்க வாங்கிய துவக்கைப் பையில் போட்டுக்கொண்டு, அவளைக் கடையில் தனியே விட்டுவிட்டு, நிலவறையில் கடதாசியைச் சுடப் போனேன். போகாமல் இருந்தால் துவக்குப் போய்விடும். துவக்குப் போனால் அவள் கடைக்கு இறங்கமாட்டாள். இறங்காவிட்டால் கடை போய்விடும். பஸ்ஸில் இருந்தபடி இந்தக் கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். கணக்கியலில் நான் ஏன் தேறவில்லை என்பது அப்போதெல்லாம் விளங்கும்.

விடுமுறைக்கு எங்கும் போகமுடியாது; வீட்டில் அது இருக்கிறது. வீட்டில் விருந்தாளிகளைத் தங்கவைக்க முடியாது. அது இருக்கும் அறையில்தான் அவர்களுக்கான கட்டில். காவலுக்கு வாங்கிய ஒன்றுக்கு நான் காவல் இருந்தேன். இப்படி இரண்டு வருடம் போயிற்று.

அந்த நவராத்திரியில்தான் மனைவி கேட்டாள். எங்கள் சாமி அலுமாரி மேலே பின்னறையில், உருளைக்கிழங்குப் பொரியல் பெட்டிகளுக்கு நடுவில் இருந்தது. ஒன்பதாம் நாள் தொழில் செய்யும் சாமான்களைப் பூசையில் வைப்பது வழக்கம். விலைச்சீட்டு அடிக்கும் கருவி, கத்தரிக்கோல், தராசு, என் புத்தகம் ஒன்று எல்லாம் வைத்தாயிற்று.

“அதையும் வையுங்கோ” என்றாள்.

“எதை?”

“பெட்டிக்குள்ள இருக்கிறதை. ஆயுத பூசையெண்டு சொல்லிக்கொண்டு கத்தரிக்கோலை வைக்கிறம். உள்ளதுக்குள்ள ஆயுதம் எண்டு ஒண்டு இருக்கு, அதை இருட்டில பூட்டி வச்சிருக்கிறியள். அதுதான் எனக்கு இன்னும் மனம் சரியில்லாமல் கிடக்கு.”

“வெளியில வைக்க ஏலாது. சட்டம்.”

“நீங்கள் பக்கத்தில இருந்தா?”

யோசித்துப் பார்த்தேன். துடைக்க எடுக்கிறோம், அப்போது வெளியில்தானே இருக்கிறது? பக்கத்தில் நான் இருந்தால் சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்று தோன்றியது. இரண்டு வருடத்தில் அவள் அதைப் பற்றி என்னிடம் கேட்ட ஒரே விசயம் இது. குண்டில்லாத வெறும் துவக்கை எடுத்து வைத்தேன். அவள் குழலில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பிடியில் ஒரு செவ்வந்திப் பூவும் வைத்தாள். முதல்முறையாகத் தொட்டாள். அவலும் கடலையும் படைத்து, கற்பூரம் காட்டிக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டுவிட்டு எடுக்கப் போனேன்.

“என்ன செய்யிறியள்? வச்சதை நாளைக்கு விஜயதசமிப் பூசை முடியாமல் எடுக்கிறதோ?”

மறந்துபோனேன். எனக்குச் சட்டம் தெரிந்த அளவுக்குச் சாத்திரம் தெரியாது. பூசையில் வைத்ததை எடுக்கக்கூடாது. எடுக்காததை விட்டுவிட்டுப் போகக்கூடாது. பாயைப் போட்டு அலுமாரிக்கு முன்னால் உட்கார்ந்தேன். சாப்பாடு அங்கேயே வந்தது. படுக்கையும் அங்கேதான். நான் குளியலறைக்குப் போகும்போது மட்டும் அவள் மேலே வந்து வாசலில் நிற்பாள். அதுவும் சட்டத்துக்கு விரோதம்தான், ஆனால் சட்டத்துக்குச் சிறுநீர்ப்பை இல்லை.

அடுத்த நாள் காலமை. பூசைக்கான நல்ல நேரம் பத்துமணிக்குப் பிறகுதான் என்றாள். அதுவரை கடையைப் பார்க்கிறேன் என்று கீழே போனாள். நான் பாயிலிருந்து புத்தகத்தைத் தேடினேன். அதுவும் பூசையில் இருந்தது.

கதவு மணி அடித்தது. ஒரு ஆம்பிளைக் குரல். முதலில் தாழ்ந்திருந்தது, பிறகு தாழ்ந்திருக்கவில்லை. லாச்சியைத் திறக்கச் சொன்னது கேட்டது. அவள் ஏதோ சொன்னாள். திரும்பவும் அவன். பிறகு அவள் குரல் தமிழில், மேலே பார்த்து: “இஞ்சருங்கோ!”

எழும்பிவிட்டேன். அறை வாசலுக்கு வந்துவிட்டேன். அங்கே நின்றுவிட்டேன். பின்னால் சந்தனம் பூசிய ரிவோல்வர், முன்னால் படி. விட்டுவிட்டுப் போனால் குற்றம். அவனும் மேலே ஓடிவந்தால் என்ன ஆகும்? எடுத்துக்கொண்டு இறங்கினால் அதைவிடப் பெரிய குற்றம். அதில் குண்டும் இல்லை. பூட்டிவிட்டுப் போகலாம், ஆனால் அதற்குப் பூசையில் இருப்பதை எடுக்கவேண்டும். கழுத்துத் திறப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் படியிலும் ஒரு காலை அறையிலும் வைத்தபடி நின்றேன். “என்னப்பா?” என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே ஒரு வாடிக்கையாளரின் குரல்போலக் கேட்டது.

மணி திரும்பவும் அடித்தது. அவன் போய்விட்டான்.

கீழே இறங்கினேன். அவள் திறந்த லாச்சிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். காயம் ஒன்றும் இல்லை. தரையில் சிதறிய மிட்டாய்களைக் காலால் ஒதுக்கினாள்.

“கூப்பிட்டனான். கேக்கேல்லையோ?”

“கேட்டது.”

“பிறகு?”

“அது வெளியில கிடக்கு. விட்டிட்டு வர ஏலாது எண்டு...”

என்னை அவள் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

“வைக்கச் சொன்னது நான்தானே” என்றாள். பிறகு, “அது இல்லாத காலமெண்டா ஓடி வந்திருப்பியள்” என்றாள்.

பத்துமணிக்குப் பிறகு மேலே போய்ப் பூசையை முடித்தாள். பஞ்சு நனைத்துக் குழலைத் துடைத்து, “இனிப் பூட்டுங்கோ” என்று என்னிடம் தந்தாள். அடுத்த ஞாயிறு அதைத் துப்புரவு செய்யும்போது பல்வைத்தியர் குனிந்து முகர்ந்து, என்ன எண்ணெய் பாவிக்கிறீர்கள், அருமையான வாசனை என்று கேட்டார். சந்தன எண்ணெய், எங்கள் பக்கத்து முறை என்றேன். வாங்கிப் பார்க்கிறேன் என்றார்.

மனைவி கடையை விட்டுப் போகவில்லை. தினமும் இறங்கினாள். ஆனால் என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். பால் முடிந்தாலும் தானே மேலே வந்து சொல்லிவிட்டுப் போவாள்.

அதற்குப் பிறகு வந்த ஆண்டில் ஸ்கொட்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒருவன் குழந்தைகளைச் சுட்டுக் கொன்றான். தொலைக்காட்சியில் அந்தச் சின்ன முகங்களை வரிசையாகக் காட்டினார்கள். அவனிடம் இருந்ததும் என்னிடம் இருந்தது போன்ற அனுமதிதான். அவனும் கழகத்துக்குப் போய்க் கடதாசியைச் சுட்டவன்தான். மனைவி தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, “அதை இந்த வீட்டில இருந்து எடுங்கோ” என்றாள். நான் மறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு கழகத்துக்கும் போகவில்லை. விற்கலாம் என்று பார்த்தால் வாங்க ஆளில்லை. தடை வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். எனவே சட்டம் வரும்வரை இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் அதோடு இருந்தோம், விவாகரத்து முடிவாகியும் ஒரே வீட்டில் இருக்கிறவர்களைப் போல.

ஒப்படைக்கும் நாளில் பொலிஸ் நிலையத்தில் வரிசை. பஸ் சாரதி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டு தோளில் தட்டி, உங்களுக்கும் கஷ்டமாக இருக்கும் என்றார். இருந்தது. ஆனால் அவர் நினைத்த கஷ்டம் அல்ல. வெறும் பையோடு வீட்டுக்கு வந்து, கடைக்குள் நுழைந்து, “குடுத்தாச்சு” என்றேன். இனி ஞாயிறுகளில் நானும் நிற்பேன் என்றேன்.

“நல்லது” என்றாள். “நான் வாற திங்கள் வேலைக்குப் போறன்.”

பெரிய சுப்பர்மார்க்கெட் ஒன்றில் காசு வாங்கும் வேலை. எனக்குச் சொல்லாமலே நேர்முகத்துக்குப் போய் வந்திருக்கிறாள். கடையை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை; நீங்கள் பாருங்கோ என்றாள். பூனை உணவுக் கிழவிகளின் பெயர்களை எல்லாம் எனக்குச் சொல்லித் தந்தாள். நான் பாதியை மறந்தேன்.

திங்கட்கிழமை விடிய அவள் பஸ் ஏறிப் போனாள். அன்றைக்கு முழுதும் நான் தனியே கடையில் நின்றேன். மணி அடிக்கும்போதெல்லாம் கை தானாக மேசை விளிம்பைப் பிடித்தது. பின்னேரம் அவள் பச்சைச் சட்டையோடு வந்து, வாடிக்கையாளர் நிற்கும் பக்கத்தில் நின்றபடியே கதைத்தாள். பல வருடங்களாக அவள் அவ்வளவு கதைத்துக் கேட்டதில்லை. அவளைப்போலக் காசு வாங்குகிறவர்கள் வரிசையாக இருபது பேர் இருப்பார்களாம். ஒருத்தி பாகிஸ்தான்காரி, ஒருத்தி ஜமேக்காக்காரி. வாசலில் காவலுக்கும் ஒரு ஆள் இருக்கிறானாம்.

“நைஜீரியாப் பெடியன். நல்ல பெடியன். கூப்பிட்டவுடன வாறான்.”

“கையில என்ன வச்சிருக்கிறான்?” என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள்.

“ஒண்டுமில்லை. சும்மாதான் நிக்கிறான்.”